ஆயுள்காலத் தகுதி: எந்தக் கணக்கு ஏறுகிறது என்று பாருங்கள்

அச்சு இயந்திரங்களைப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவது என் வேலை. இருபத்தோரு ஆண்டுகளாக மாதத்துக்கு ஒரு முறையாவது விமானம் ஏறுகிறேன். முதல் ஆறு ஆண்டுகளில் பறந்த தூரம் எனக்கு எதற்கும் உதவவில்லை. அடிக்கடி பறப்பவர்களுக்காக விமான நிறுவனங்கள் நடத்தும் உறுப்பினர் திட்டங்களில் மூன்றின் எண்களை வைத்துக்கொண்டு, எந்த விமானத்தில் இடம் கிடைத்ததோ அந்த எண்ணைக் கொடுத்துவந்தேன். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஒன்றிலும் சில்வர், கோல்ட் போன்ற சிறப்புத் தகுதிக்கான எல்லையைத் தொடவில்லை. ஏழாம் ஆண்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரே திட்டத்தில் கணக்கு எழுதத் தொடங்கினேன். கோல்ட் தகுதி வாழ்நாள் முழுவதற்கும் கிடைத்தது அதிலிருந்துதான்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஆயுள்காலத் தகுதி தரும் உறுப்பினர் திட்டங்களில் பெரும்பாலும் மூன்று கணக்குகள் தனித்தனியே ஓடுகின்றன. டிக்கெட் வாங்கப் பயன்படும் மைல்கள் ஒரு கணக்கு. இந்த ஆண்டு நீங்கள் சில்வரா, கோல்டா என்று முடிவுசெய்வது இன்னொரு கணக்கு; ஆண்டு முடிந்ததும் அது பூஜ்யமாகிவிடும். மூன்றாவதுதான் ஆயுள்காலக் கணக்கு. இது அழிவதில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஏற்பதும் இல்லை. என்னுடன் வேலை செய்த ஒருவர் பத்து லட்சம் மைல் தாண்டிவிட்டதாக மகிழ்ந்திருந்தார். அவற்றில் பெரும்பகுதி கிரெடிட் கார்டில் செலவழித்து வந்தவை. ஆயுள்காலக் கணக்கைத் திறந்து பார்த்தபோது நான்கு லட்சம்கூட இல்லை. அவருடைய முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அதனால் இன்றே உங்கள் கணக்குப் பக்கத்தில் அந்த மூன்றாவது எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்து, அந்த எண் எதனால் ஏறுகிறது என்று பாருங்கள். நீங்கள் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இதுதான் முடிவுசெய்யும். அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் நடத்தும் மைலேஜ்பிளஸ் திட்டத்தில் பறந்த தூரமே கணக்கு. 10 லட்சம் மைலுக்கு கோல்ட், 20 லட்சத்துக்கு பிளாட்டினம், 30 லட்சத்துக்கு அதற்கும் மேலான 1கே என்ற தகுதி. எகானமி டிக்கெட்டானாலும் பிசினஸ் வகுப்பானாலும் ஒரு மைல் ஒரு மைல்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் விமானங்களில், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் பறந்திருக்க வேண்டும். கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் உலகையே சுற்றி வந்தாலும் இந்தக் கணக்கு அசையாது. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் இதற்கு நேர்மாறு. அங்கே ஒவ்வொரு பயணத்துக்கும் தரும் ஸ்டேட்டஸ் கிரெடிட் என்ற தகுதிப் புள்ளிதான் அளவு: 7,000 சேர்ந்தால் ஆயுள்கால சில்வர், 14,000 சேர்ந்தால் கோல்ட், 75,000 சேர்ந்தால் பிளாட்டினம். பிசினஸ் வகுப்பில் பறப்பவருக்கு ஒரே தூரத்துக்கு எகானமியைவிடப் பலமடங்கு கிரெடிட் கிடைக்கும். குவான்டாஸ் இருக்கும் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியின் மற்ற விமானங்களில் பறந்தாலும் சேரும்.

ஆகவே, நீண்ட தூரம் எகானமியில் பறப்பவர் தூரத்தை எண்ணும் திட்டத்தில் சேர வேண்டும். நிறுவனச் செலவில் பிசினஸ் வகுப்பில் போகிறவர் வகுப்பை மதிக்கும் திட்டத்தில் சேர வேண்டும். நான் எகானமிக்காரன், எனக்குத் தூரம்தான் கைகொடுத்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிட்னி ஏறத்தாழ 7,500 மைல். பத்து லட்சம் மைலுக்கு அந்த வழியில் அறுபத்தேழு முறை போய்வர வேண்டும். ஆண்டுக்கு 50,000 மைல் பறந்தால் இருபது ஆண்டுகள். குவான்டாஸில் ஒருவர் முதல்முறை கோல்ட் ஆக ஆண்டுக்கு 700 கிரெடிட் வேண்டும். அதே வேகத்தில் போனால் ஆயுள்கால கோல்டுக்கும் இருபது ஆண்டுகள்தான். உங்கள் வேலை இன்னும் எத்தனை ஆண்டு உங்களை விமானத்தில் ஏற்றும் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். எட்டாது என்று தெரிந்தால், ஆண்டுத் தகுதியோடு நிறுத்திக்கொண்டு மலிவான டிக்கெட்டைப் பாருங்கள். எண்ணை ஏற்றுவதற்காகவே சொந்தக் காசில் பறப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி ஐயாயிரம், பத்தாயிரம் மைல் மட்டும் பாக்கி என்றால் அது வேறு.

ஆண்டுகளை எண்ணும் திட்டங்களும் உண்டு. ஏர் பிரான்ஸ், கேஎல்எம் நிறுவனங்களின் ஃப்ளையிங் புளூவில் தொடர்ந்து பத்து ஆண்டுகள் பிளாட்டினமாக இருந்தால் அது ஆயுளுக்கும் நிலைக்கும். தொடர்ந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை மாற்றம், பிரசவம், நோய் என்று இடையில் ஒரு ஆண்டு நழுவினால் பாதிப்பு பெரியது. சேர்ந்தது சேர்ந்தபடி காத்திருக்கும் கணக்கையே நான் விரும்புகிறேன்.

கோல்ட் என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 10 லட்சம் மைலுக்குக் கிடைக்கும் ஆயுள்கால கோல்ட், ஒன்வேர்ல்டு கூட்டணியில் வெறும் ரூபி, அதாவது கீழ்ப்படி. விமான நிலைய லவுஞ்சுக்குள், அதாவது தனி ஓய்வறைக்குள், போக முடியாது. அதற்கு 20 லட்சத்தைத் தாண்டி பிளாட்டினம் ஆக வேண்டும். குவான்டாஸ் கோல்ட் அதே கூட்டணியில் ரூபிக்கு மேற்படியான சஃபையர். எகானமி டிக்கெட்டோடும் லவுஞ்சுக்குள் போகலாம். யுனைடெட் கோல்ட், அந்த நிறுவனம் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியின் கோல்டுக்குச் சமம். ஆனால் அதே நிறுவனத்தின் உறுப்பினர்களுக்கு, அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும் பயணங்களில் அதன் லவுஞ்ச் திறக்காது. நீங்கள் எங்கே அதிகம் பறப்பீர்கள் என்பதை வைத்து இதை எடைபோடுங்கள்.

நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். தேதி, விமான எண், உண்மையில் ஓட்டிய நிறுவனம், தூரம், கணக்கில் ஏறிய நாள்: இந்த ஐந்து பத்திகள் போதும். மூன்றாவது பத்தி மிக முக்கியம். ஒரு நிறுவனம் டிக்கெட் விற்று, இன்னொரு நிறுவனம் விமானத்தை ஓட்டுவது சாதாரணம். ஆயுள்காலக் கணக்கு பெரும்பாலும் ஓட்டியவரைத்தான் பார்க்கும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை நான்கு பயணங்கள் கணக்கில் ஏறவில்லை. விடுபட்டதைக் கேட்பதற்கான கெடு முடிந்தபின் கேட்டதால் அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. சுமார் பதினெட்டாயிரம் மைல் போனது. அதன்பின் திரும்பி வந்த பத்தாம் நாள் கணக்கைச் சரிபார்ப்பேன். பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் உறுப்பினர் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னெழுத்து விரிந்தும் சுருங்கியும் வரும் நம் பெயர்களுக்கு இதில் சிக்கல் அதிகம்.

விதிகள் மாறும். 2011 டிசம்பருக்கு முன் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கார்டு மைல்களும் ஆயுள்காலக் கணக்கில் சேர்ந்தன. பிறகு அந்த வழி அடைபட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஆயுள்கால கோல்டுக்கு 35,000 டயர் பாயின்ட் (அவர்களுடைய தகுதிப் புள்ளி) என்று இருந்தது. 2025 ஏப்ரலில் செலவழிக்கும் பணத்தை அளவாக்கி, எல்லையையும் மாற்றிவிட்டார்கள். ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ் 2024 செப்டம்பர் 1 அன்று ஸ்டார் அலையன்ஸிலிருந்து ஸ்கைடீம் என்ற வேறொரு கூட்டணிக்கு மாறியபோது, அதன் ஆயுள்கால கோல்ட் உறுப்பினர்களுக்கு ஒரே நாளில் வேறு விமானங்கள், வேறு லவுஞ்சுகள். நன்மையாக மாறுவதும் உண்டு: டெல்டாவில் 10 லட்சம் மைலுக்கு சில்வர் கிடைத்தது, 2024 முதல் கோல்ட் கிடைக்கிறது. எல்லையை எட்ட ஓரிரு ஆண்டுகளே இருந்தால் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. யுனைடெட்டில் பத்து லட்சம் தாண்டியவர் தன் வாழ்க்கைத் துணைக்கும் அதே தகுதியைக் கொடுக்கலாம். நான் இயந்திரங்களோடு அலைந்த ஆண்டுகளில் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர் என் மனைவி. அவர் மகளைப் பார்க்கத் தனியாகப் பறக்கும்போது இப்போது கோல்ட் வரிசையில் நிற்கிறார். எல்லையைத் தாண்டியதும் துணையின் பெயரைப் பதிய மறந்துவிடாதீர்கள். தானாக வராது, நீங்கள்தான் பதிய வேண்டும்.

நான் இப்போது புதிய பயணங்களை ஒன்வேர்ல்டு கூட்டணியில் போட்டுவருகிறேன். யுனைடெட்டின் ஆயுள்கால கோல்ட் கையில் இருப்பதால், ஸ்டார் அலையன்ஸின் சர்வதேசப் பயணங்களில் லவுஞ்ச் எப்படியும் திறக்கும். நோட்டுப் புத்தகம் இரண்டாவது நடக்கிறது.