அடியில் திறந்தால் எண்ணெய் போகாது: பேபி பாய்லர் மாட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் அயர்னிங் செக்‌ஷனுக்கு பேபி பாய்லர் என்கிற சின்ன நீராவி பாய்லர் மாட்டப் புதுப் பையன்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். சுறுசுறுப்பான பிள்ளைகள்தான். ஆனால் எங்கள் செட் ஆட்கள் தொழிலுக்கு வந்த புதிதில் அடித்த அதே கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் பற்ற வைக்காதே, சேஃப்டி வால்வைக் கட்டி வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எண்ணெய் எடுக்காமல் லைனைத் திறப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

புது பாய்லருக்குள்ளும் புதுப் பைப்புக்குள்ளும் எண்ணெய் இருக்கும். மரை போடும்போது ஊற்றிய கட்டிங் ஆயில், ஜாயின்டில் தடவிய பேஸ்ட் எல்லாம் அதில் சேர்த்தி. கன்டென்சேட், அதாவது ஆவி குளிர்ந்த தண்ணீர், திரும்பி டேங்குக்கு வருகிற லைனாக இருந்தால், பைப்பில் உள்ளதும் பாய்லருக்கே வந்து சேரும். வந்தது தண்ணீர்மேல் படலமாக மிதக்கும். குமிழி உடைந்து ஆவி பிரிய வேண்டியது அந்த மேல்பரப்பில்தான். அங்கே எண்ணெய் நின்றால் நுரை கட்டும். ஆவியோடு தண்ணீரும் லைனுக்குக் கிளம்பும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் மட்டம் ஏறி ஏறி இறங்கும். எலக்ட்ரோடு வைத்த லெவல் கன்ட்ரோலர் நுரையைத் தண்ணீர் என்று நம்பிப் பம்பை நிறுத்திவிட்டால் துணிக் கணக்கெல்லாம் அப்புறம், உயிருக்கே ஆபத்து.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனி. வெள்ளை டீ-ஷர்ட் ஆர்டர், அயர்ன் பண்ணப் பண்ணப் பழுப்புப் புள்ளி. பைப் வேலை செய்த பையன் முதலில் அயர்ன் பாக்ஸை மாற்றச் சொன்னான், அப்புறம் ஆவியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ட்ராப்பை. ஓனரும் மாற்றினார். புள்ளி நிற்கவில்லை. பீஸெல்லாம் மறுபடி வாஷிங்குக்குப் போய், ஷிப்மென்ட் தேதியும் தவறிப்போனது. நான் போனபோது கேஜ் கிளாஸின் உட்பக்கம் எண்ணெய் வளையம் ஒட்டியிருந்தது. தினமும் அதன் முன்னால் நின்றவர்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை!

“ஏனுங்ண்ணா, தெனமும் ப்ளோ டவுன் பண்றேனுங்களே, அதுல போயிராதுங்களா?” என்றான் பையன்.

“போகாது கண்ணு.”

ப்ளோ டவுன் என்றால் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது. அதில் போவது அடியில் படிந்த சேறு. குழம்புச் சட்டிக்கு அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் இறங்கிவிடும், மேலே மிதந்த எண்ணெய் சட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாய்லரிலும் அதே கதை. மறுபடி தண்ணீர் நிரப்பினால் மறுபடி மிதக்கும்.

எண்ணெயை மேலாகத்தான் வழிய விட வேண்டும். அதற்குத் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு வாய் தேவை. பாய்லர் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். மெயின் ஸ்டீம் வால்வை மூடி, ஏர் வென்ட்டைத் திறந்து வையுங்கள். பிரஷர் ஏறக் கூடாது. கொதிக்கவும் கூடாது, கொதித்தால் எண்ணெய் கலங்கித் தண்ணீருக்குள் போய்விடும். கொதிக்கும் பதத்துக்குச் சற்று முன்பே சூட்டை நிறுத்தி, ஃபீட் தண்ணீரை மெதுவாக விட்டுக்கொண்டே இருங்கள். வாயில் பென்சில் கனத்துக்கு வழிந்தால் போதும். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் தண்ணீர்தான் ஓடும், எண்ணெய் பின்தங்கிவிடும். பல மணி நேரம் பிடிக்கும் வேலை. வழிவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், மேலே வானவில் மினுக்கம் மறையும் வரைக்கும் நிறுத்தாதீர்கள். சுடுதண்ணீர், ஜாக்கிரதை. சில நாள் ஓடியபின் இன்னொரு தடவை செய்ய வேண்டும், லைனில் ஒட்டியிருந்தது சூட்டில் இளகி வந்து சேர்ந்திருக்கும்.

ஓனர் “இன்னைக்கே ஓடோணும்” என்பார். இதற்கென்று ஒரு நாள் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான்.

சோப்புத்தூள் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. நுரையைக் குறைக்க சோப்பு போடுகிறவர்களிடம் நான் என்ன பேச?

வாய் இல்லையென்று பாய்லர் உடம்பில் வெல்டிங் வைப்பது

தொடாதீர்கள்.

ஸ்டீம் வாயைக் குறுக்குவது

ஒரு அங்குல வாயில் ரெட்யூசர் வைத்து அரை அங்குலப் பைப் இழுத்தால் காசு மிச்சம் என்று நினைப்பு. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசிதான். ஆவி நாலு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும், போகிற வேகத்தில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். மெயினை அதே அளவில் நேராக மேலே ஏற்றி, அப்புறம் திருப்புங்கள். அமெரிக்காவில் வீட்டையே நீராவியால் சூடாக்கும் பாய்லர்களுக்கு, கிளைகள் பிரியும் படுக்கைக் குழாயான ஹெடர் தண்ணீர் மட்டத்திலிருந்து குறைந்தது 24 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். ஏறும் வழியில் தண்ணீர் பிரிந்து கீழே விழ இடம் கொடுக்கத்தான் அது.

கிளை லைனை ஹெடரின் அடியில் எடுப்பது

மேலிருந்து எடுங்கள். அடியில் ஓடுவது தண்ணீர்.

சாஃப்ட்னர் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். சுண்ணாம்பு படியாது, சரி. ஆனால் மொத்த உப்பு குறையாது. போர் தண்ணீரில் உப்பு 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1500) என்றால் சாஃப்ட்னரைத் தாண்டியும் ஏறக்குறைய அதேதான். ஆவியில் உப்பு போகாது, எல்லாம் பாய்லரிலேயே தங்கும். தண்ணீர் இரண்டு மடங்கு செறிந்தால் 3000. இந்த மாதிரி பாய்லருக்கு 3500 பிபிஎம்மைத் தாண்ட விடாதே என்பது பொதுக் கணக்கு. தாண்டினால் எண்ணெயே இல்லாவிட்டாலும் நுரைக்கும். அந்த மாதிரித் தண்ணீருக்குக் காலையில் ஒரு ப்ளோ டவுன் போதாது, ஷிஃப்ட் நடுவிலும் வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை ஓனர் வாங்கித் தராவிட்டால் நீங்களே ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாய்லர்த் தண்ணீரை ஆற வைத்துத்தான் அளக்க வேண்டும்.