மாமரத்தடியில் கனகாம்பரம்

வீட்டைச் சுற்றி மரநிழல்தான், என்ன பூச்செடி வைப்பது என்று யோசிப்பவர்கள் கனகாம்பரத்தை வைத்துப் பாருங்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி, ஒருமுறை பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் நிழல் என்றால் கும்மிருட்டு இல்லை. காலையில் இரண்டு மூன்று மணி நேர இளவெயில், உச்சிவெயிலில் இலைகளின் ஊடே சல்லடையாக விழும் வெளிச்சம், அது போதும். தென்னைக்கும் முருங்கைக்கும் அடியில் மாமரத்தடியைவிட நன்றாக வரும். அடர்ந்த மாமரம் என்றால் கீழ்க்கிளை ஒன்றிரண்டைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலைதான் பளபளவென்று இருக்கும், பூக்கதிர் வராது.

விதைக்கு, பூத்து முடிந்து பழுப்பாகக் காய்ந்த கதிரை மழைக்கு முன்பே ஒடித்துவிட வேண்டும். காய்ந்த காயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், பட்டென்று வெடித்து விதை நாலு பக்கமும் தெறிக்கும். ஒரு டப்பாவில் கதிரைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே துணியை மூடிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. விதையை மேலாக மண் தூவி விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். டெல்லி கனகாம்பரம் என்று விற்கிற பெரிய பூ ரகத்துக்கு இந்த வேலையெல்லாம் இல்லை, அது விதை பிடிக்காது. நாலு அங்குலத் தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமணலில் குத்தி வையுங்கள்.

மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு, கொஞ்சம் மணல். செடிக்குச் செடி ஒரு அடி விடுங்கள். நிழலில் மண் சீக்கிரம் காயாது, அதனால் தினமும் ஊற்றாமல் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

அப்புறம், நூற்புழு, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்கே தெரியாத நுண்ணிய புழு. இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். நன்றாகப் பூத்த செடி ஒரு வருஷம் கழித்துக் காரணமே இல்லாமல் சோர்ந்தது, உரம் போட்டேன், தண்ணீர் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட்டுவிட்டு அதே குழியில் மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள். நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போடுவதும், பக்கத்தில் வெயில் விழும் ஓரமாகத் துலுக்கச் சாமந்தி வைப்பதும் நல்லது.

இளம் இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாகவே இருந்தால் அது நோய் இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

பூ, கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு அடுக்காக மலரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பறித்தால் சரியாக இருக்கும், இதழைப் பிடித்து மெல்ல இழுத்தாலே வந்துவிடும், கதிரை உலுக்க வேண்டாம். வாசனை கிடையாது, அதற்குத்தான் கட்டும்போது கூடவே மல்லிகையோ மருக்கொழுந்தோ சேர்ப்பது. முடிந்த கதிர்களை அவ்வப்போது வெட்டிவிடுங்கள், பக்கத்தில் புதுக் கிளை வரும். விதைக்கு மட்டும் இரண்டு கதிரைச் செடியிலேயே காய விடுங்கள்.