மெயில் வந்தது, பெட்டி மட்டும் காலி!
பழைய கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இருந்த மெயில்களைப் புதியதற்குக் காப்பி செய்தாயிற்று. ஃபோல்டர் பெயர் தெரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை. பதற வேண்டாம். ஒரு ஃபோல்டரின் மெயில்கள் வழக்கமாக ஒரே கோப்பில்தான் இருக்கும். 'இன்பாக்ஸ்' என்று வெறும் பெயர், பின்னால் புள்ளி வைத்த வால் எதுவும் இராது. பக்கத்தில் அதே பெயரோடு '.எம்எஸ்எஃப்' (.msf) என்ற வால் வைத்துக் கிடக்கும் கோப்பு வெறும் அட்டவணை. தண்டர்பேர்டை மூடிவிட்டு இந்தச் சின்னதை மட்டும் அழியுங்கள். மறுபடி திறந்து அந்த ஃபோல்டரைத் தொட்டால் தானே புதிதாக உருவாகும். வாலில்லாத பெரிய கோப்பில் கை வைத்துவிடாதீர்கள், உங்கள் பத்து வருடக் கடிதங்கள் அதில்தான்.

அப்புறமும் காலியா? பென்டிரைவ் வழியாகக் காப்பி செய்திருந்தால், அந்தப் பெரிய கோப்பின் அளவைப் பாருங்கள். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது! டிரைவில் இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து காப்பி செய்யுங்கள்.