லூப் அடித்தால் பந்து டேபிளைத் தாண்டியது: ரப்பர் மாற்றிய என் அனுபவம்

மூன்று வாரமாக டேபிள் டென்னிஸில் என் ஃபோர்ஹேண்ட் லூப் (பந்தை மேல்நோக்கி உரசிச் சுழல் கொடுக்கும் அடி) பாதிக்கு மேல் டேபிளைத் தாண்டியே விழுந்தது. எதிராளியின் சர்வீஸைத் தொட்டாலே பந்து எகிறியது. பேட்டில் இருந்தது புது ரப்பர்; அதன் அடியில் கடினமான ஸ்பாஞ்ச், மேக்ஸ் (இருப்பதிலேயே அதிக) தடிமன்.

முதலில் பேட்டை இன்னும் சாய்த்து மூடிப் பிடித்தேன். பந்து வலையில் மாட்டியது. அப்புறம் ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பர். சர்வீஸில் அருமையான சுழல் கிடைத்தது, ஆனால் என் கைவேகத்துக்கு லூப்பில் உயிரே இல்லை. மெதுவான பிளேடு (ரப்பரை ஒட்டும் மரப்பலகை) வாங்கியதும் வீண் செலவு.

துப்பு கொடுத்தது சத்தம். மெதுவான லூப்பில் பந்து ஸ்பாஞ்சில் புதையாமல் மேல்பரப்பில் வழுக்கி, 'சர்' என்று ஒலித்தது. ஓங்கி அடித்தால்தான் 'டப்'. அந்த ஸ்பாஞ்ச் அமுங்கும் அளவுக்கு நான் பெரும்பாலும் அடிப்பதே இல்லை! பிடிப்பு இல்லாத பந்தில் சுழல் குறையும். வளைந்து இறங்காமல் நேராக வெளியே போகும்.

பழைய பிளேடிலேயே யசாகா ரக்ஸா 7 சாஃப்ட் என்ற மென்மையான ஸ்பாஞ்ச் உள்ள ரப்பரை, 1.8 மி.மீ. ஸ்பாஞ்ச் தடிமனில் ஒட்டினேன். இப்போது மெதுவான லூப்பும் புதைந்து கிளம்பி, கோட்டுக்குள் இறங்குகிறது. சர்வீஸ் எடுப்பதும் அடங்கிவிட்டது. மெல்லிய ஸ்பாஞ்ச்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கிறேன். தூசி படிந்தால் அதே 'சர்' திரும்பிவிடுகிறது.