பல் இம்பிளாண்ட் எலும்போடு ஒன்றும் வரை: ஆறவிடும் முறை

பல் இம்பிளாண்ட் என்பது இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியத் திருகு. எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு அதன்மேல் செயற்கைப் பல் மாட்டப்படும். இதைப் பொருத்திக்கொண்டவர்களில் பலர் முதல் வாரம் மிகுந்த கவனத்தோடு இருந்துவிட்டு, வீக்கம் வடிந்ததும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். தாடைக்குள் நடப்பதை அறிந்தால், அதற்குப் பின் வரும் வாரங்களே கூடுதல் கவனம் கோருபவை என்பது புரியும். எந்தக் கட்டத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் என்ன செய்கிறது, அப்போது நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

பொருத்துவதற்கு முன்

டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போகும் என்பது தற்செயலாகவே தெரியவந்தது. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவிகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அவை எலும்பைவிட்டு வரவில்லை. 1965-இல் முதல் நோயாளிக்கு அவர் டைட்டானிய இம்பிளாண்ட் பொருத்தினார். இந்த உலோகத்தின் மேற்பரப்பில் தானாகவே படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் அதை அரிக்கவிடாமல் காப்பதால், உடல் அதைப் பெரிதாகப் பகைப்பதில்லை.

ஆனால் ஏற்கும் நிலையில் உடல் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை முன்கூட்டியே பரிசோதித்து, அது 7 சதவீதத்துக்கு அருகில் வரும் வரை அறுவையைத் தள்ளிவைப்பது நல்லது. கட்டுக்கடங்காத சர்க்கரை வெள்ளையணுக்களைத் தளரச் செய்வதோடு, அழற்சியையும் அடங்கவிடாமல் நீட்டிக்கும். புகைபிடிப்பவர்கள் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தி, பொருத்தியபின் இரண்டு மாதமாவது தொடாமல் இருக்க வேண்டும். ஈறுநோய் இருந்தால் அதற்கான சிகிச்சையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்காக அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டவர்கள், ஊசியாகப் போட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும், பல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதன் காரணம் கீழே வரும்.

முதல் மூன்று நாள்

திருகு எலும்புக்குள் இறங்கிய சில நொடிகளில் இரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அடுத்து இரத்தம் உறைகிறது. நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றுகின்றன. இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தை எட்டுவது இயல்பு. முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறம் விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். உறைந்த இரத்தம் பெயராதிருக்க, அன்று வேகமாகக் கொப்பளிப்பதையும் உறிஞ்சுகுழலில் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் நீங்களாகவே நீட்டிக்காதீர்கள். மூட்டுவாதத்துக்காக ஸ்டீராய்டு அல்லது மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அந்த முடிவை இரு மருத்துவர்களும் பேசி எடுக்கட்டும்.

இந்த அழற்சி வரத்தான் வேண்டும், ஆனால் அது உரிய நேரத்தில் அடங்கவும் வேண்டும். அடக்கும் பொறுப்பு மேக்ரோபேஜ் எனும் பெருவிழுங்கி அணுக்களுடையது. முதலில் எரிச்சலூட்டும் பொருட்களைச் சுரக்கும் இவை, சில நாட்களில் தம் குணத்தை மாற்றிக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்களையும் எலும்பு அணுக்களையும் அழைக்கும் பொருட்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. கிருமித் தொற்றும் புகையும் உயர்ந்த சர்க்கரையும் இந்த மாற்றத்தைத்தான் தடுக்கின்றன.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

பொருத்திய அன்று திருகு இறுக்கமாக இருப்பது மரையின் பிடிப்பால் மட்டுமே. துளையிட்டபோது நசுங்கிய எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் எனும் அணுக்கள் கரைத்தெடுத்த பிறகே, ஆஸ்டியோபிளாஸ்ட் அணுக்கள் அங்கே புதிய எலும்பை இடுகின்றன. பழைய செங்கல்லைப் பெயர்த்து முடித்து, புதியது முழுதாக ஏறாத சுவரைப் போன்ற இடைநிலை ஒன்று இதனால் உண்டாகிறது. மூன்றாம் நான்காம் வாரத்தில் பிடிப்பு பொருத்திய நாளைவிடக் குறைந்திருப்பது இதனால்தான். மேலே குறிப்பிட்ட எலும்பு மருந்துகள் ஆஸ்டியோகிளாஸ்ட்டை முடக்குபவை என்பதால், பழைய எலும்பை அகற்றும் வேலையே தடைபட்டு, அரிதாகத் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்தும் இருக்கிறது.

வலி இல்லை, வீக்கம் இல்லை என்று நோயாளி முறுக்கு கடிக்கத் துணிவதும் இதே வாரங்களில்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அசைவு திரும்பத் திரும்ப நேர்ந்தாலும், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்து திருகைச் சூழ்ந்துவிடும். அப்படிச் சூழ்ந்தபின் பெரும்பாலும் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே இட்லி, குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம் போன்றவற்றையே உண்டு, மறுபக்கமாக மெல்லுங்கள். நாக்கால் அந்த இடத்தைத் தள்ளிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். திருகின்மேல் மாட்டிய, ஈறுக்கு வெளியே தெரியும் மூடி ஆடினால் பதற வேண்டாம். பல வேளைகளில் அந்த மூடித் திருகு மட்டுமே தளர்ந்திருக்கும். ஆனாலும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.

பல் மாட்டும் நாளை நாட்காட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்வது எனக்கு உடன்பாடானதல்ல. பிரோனமார்க் முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்தார்கள். இன்றைய திருகுகளுக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே போதும். திருகின் பிடிப்பை ஐ.எஸ்.க்யூ எனப்படும் 1 முதல் 100 வரையிலான அளவுகோலில் அளக்கும் கருவி உங்கள் மருத்துவரிடம் இருந்தால், பொருத்திய நாளின் அளவையும் இப்போதைய அளவையும் ஒப்பிட்டுச் சொல்லுமாறு கேளுங்கள்.

இடையில் திருகு விழுந்துவிட்டால் "உடம்பு ஏற்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பது போன்றதல்ல இது. டைட்டானியத்தில் பிறர் அணுக்கள் ஏதுமில்லை, அந்த உலோகத்துக்கு ஒவ்வாமையும் மிக அரிது. எனவே தொற்றா, அசைவா, சர்க்கரையா, துளையிடும்போது எலும்பு சூடேறியதா என்று கேட்டு அறிந்த பிறகே இரண்டாவது முயற்சிக்குச் சம்மதியுங்கள்.

பல் மாட்டிய பின்

இயற்கைப் பல்லின் வேரில் ஈறு நார்கள் குறுக்காகப் பதிந்து கிருமிகளுக்கு அரணாக நிற்கின்றன. இம்பிளாண்ட்டைச் சுற்றி அவை உள்ளே பதியாமல் அதன் மேற்பரப்புக்கு இணையாகவே செல்கின்றன. பல்லைத் தாங்கும் சவ்வும் அதன் இரத்த ஓட்டமும் அங்கே இல்லை. கிருமிகள் உயிர்ப்படலமாக, அதாவது ஒன்றோடொன்று ஒட்டிய வழுவழுப்பான படலமாகப் படிந்தால் வெள்ளையணுக்களால் அதை எளிதில் ஊடுருவ முடியாது; அடங்காமல் நீளும் அழற்சி சுற்றியுள்ள எலும்பையே அரிக்கத் தொடங்குகிறது. பல் துலக்கும்போது அந்த இடத்தில் இரத்தம் கசிவது இதன் முதல் அடையாளம். ஈறு மட்டுமே வீங்கியிருக்கும் அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் மீண்டுவிடலாம். எலும்பு கரைந்தபின் அதைத் திரும்பப் பெறுவது கடினம், வலியும் பெரும்பாலும் பிந்தியே வரும். கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறையிட்ட இடைப்பல் தூரிகையால் தினமும் ஒருமுறை சுற்றிலும் தேய்த்துவிடுங்கள். பல் மாட்டிய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து அதன் படியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து எடுப்பதை அதோடு ஒப்பிட்டால்தான் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும்.