விருந்துக்கு ஏற்ற ஆப்பிள் கிரம்பிள்

குளிர்காலப் பண்டிகைக்குப் பலர் கூடும்போது, முன்கூட்டியே பாதி வேலையை முடித்துவைக்க இடம்தரும் ஆப்பிள் கிரம்பிளையே நான் முதலில் பரிந்துரைப்பேன்; இது பழத்துண்டுகளின்மேல் உதிரி மாவைத் தூவி ஓவனில் வேகவைக்கும் இனிப்பு. தோல் சீவிய ஒரு கிலோ ஆப்பிளைச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு, 50 கிராம் சர்க்கரை, சிறிது பட்டைத் தூள் கலந்து பேக்கிங் பாத்திரத்தில் பரப்புங்கள். 200 கிராம் மைதாவில் குளிர்ந்த வெண்ணெய் 100 கிராமைச் சேர்த்து விரல் நுனிகளால் உதிரியாகப் பிசறி, பிறகு 100 கிராம் சர்க்கரையைக் கலக்க வேண்டும். வெண்ணெய் உருகிவிட்டால் மேற்பகுதி மொறுமொறுப்பாக வராது என்பதால், இங்கு மட்டும் மிகுந்த கவனம் தேவை. இந்த மாவை முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் பழத்தின்மேல் அழுத்தாமல் தூவி, 180 டிகிரி செல்சியஸில், மேற்பகுதி பொன்னிறமாகி ஓரங்களில் சாறு கொதிக்கும் வரை சுமார் 40 நிமிடங்கள் வேகவிட்டு, சற்று ஆறியபின் பரிமாறுங்கள்.