சுவருக்கு ஒரு சுசுகா: பந்தயப் பாதையைப் பலகையில் வெட்டி எடுக்கும் முறை

மோட்டார்ப் பந்தயத்தை ஊன்றிப் பார்க்கும் ஒருவரிடம் பெயர் எதுவும் எழுதாமல் ஒரு பாதையின் கோட்டை மட்டும் காட்டினாலும், அது எந்த ஊர்ப் பாதை என்று அவர் சொல்லிவிடுவார். அந்தக் கோட்டை அழகிய பலகை வேலையாகச் சுவரில் மாட்டிவைக்க விரும்பும் இளையவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்போது பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையைவிட அனுப்புசெலவு கூடிவிடுகிறது. ஆனால் ஒரு துண்டு பிளைவூட், ஒரு கை வாள், நான்கு முழ நூல், இரண்டு வார இறுதிகள் ஆகியவை போதும். தச்சு வேலை தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

முதல் வேலைக்கு யப்பானின் சுசுகா பாதையைத் தெரிவுசெய்யுமாறு நான் பரிந்துரைக்கிறேன். தற்போதைய ஃபோர்மியூலா 1 பாதைகளுள் எட்டு என்ற எண்ணின் வடிவில் தன்னையே தான் கடந்து செல்லும் பாதை இது ஒன்றுதான். எனக்கு இதன்மேல் பற்று வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1962இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையை முதலில் நெல்வயல்கள் இருந்த சமநிலத்தில் அமைக்கவே எண்ணியிருந்தார்கள். நெல் விளையும் நிலத்தை அழிக்கக்கூடாது என்று ஹொண்டா நிறுவனத்தைத் தோற்றுவித்த சொய்சிரோ ஹொண்டா மறுத்ததால், பாதை அருகிலிருந்த மேட்டு நிலத்துக்கு நகர்ந்தது. அதன் ஏற்ற இறக்கங்களும் வளைவுகளும் அந்த மேட்டு நிலத்தில் அமைந்ததால் வந்தவை. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி விதைக்கும் எங்களுக்கு, ஒரு வயலைக் காப்பாற்றிய வளைவுகள் இவை என்று அறிந்து வெட்டும்போது கை தானாகவே கவனமாகிறது.

கோட்டை எடுத்தலும் நூலால் அளத்தலும்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் வாள் அல்ல, வரைபடமே. இணையத்தில் கிடைக்கும் அலங்காரப் படங்கள் பலவற்றில் வளைவுகள் மழுங்கடிக்கப்பட்டிருப்பதால், செய்மதிப் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து, பாதையின் நடுக்கோட்டை நீங்களே கூரான பென்சிலால் எடுப்பது நல்லது. எந்த ஆண்டின் பாதை என்பதையும் அப்போதே முடிவுசெய்யுங்கள். ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் பாதை, காட்டுக்குள் ஓடிய நீண்ட நேர்ப்பகுதிகளை 2002இல் இழந்தது. பழைய வடிவத்தைக் கண்டு வளர்ந்த இரசிகருக்குப் புதிய வடிவத்தைப் பரிசளித்தால் அவர் மனம் நிறையாது.

நடுக்கோடு கிடைத்ததும் நூலை எடுங்கள். தொடக்கக் கோட்டிலிருந்து நூலை வளைவுகளோடு ஒட்டி வைத்து, ஒரு சுற்று முடியும் இடத்தில் அடையாளமிட்டு, நேராக நீட்டி அளவிடுங்கள். சுசுகாவின் ஒரு சுற்று 5.807 கிலோமீற்றர். 1 சென்ரிமீற்றருக்கு 40 மீற்றர் என்று அளவுத்திட்டம் வைத்தால் கோட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 145 சென்ரிமீற்றராக வரவேண்டும். உங்கள் தாளில் நூல் 72.5 சென்ரிமீற்றர் காட்டினால் படத்தைச் சரியாக இரு மடங்காக்கவேண்டும். போட்டோப்பிரதிக் கடையில் 200 வீதம் என்று சொல்லி, படத்தின் இரு பாதிகளையும் தனித்தனியே ஏ3 தாளில் எடுத்து, பின்னர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டியபின் மீண்டும் ஒருமுறை நூலால் அளக்கவேண்டும், ஏனெனில் தாள் சிறிது விலகினாலும் நேர்ப்பகுதி உடைந்ததுபோல் தோன்றும்.

அகலத்தைப் பொறுத்தவரை, அளவுத்திட்டத்தை அப்படியே பின்பற்ற முடியாது. 12 மீற்றர் அகலமுள்ள பாதை இந்த அளவில் 3 மில்லிமீற்றராகவே வரும். அது வெட்டும்போது முறிந்துவிடும், அறையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் தெரியவும் செய்யாது. ஆகவே 10 மில்லிமீற்றர் அகலம் வையுங்கள். கவராயத்தை 5 மில்லிமீற்றருக்குத் திறந்து, நடுக்கோட்டின்மேல் நெருக்கமாகச் சிறு வட்டங்களை இட்டு, அவற்றின் வெளிவிளிம்புகளை இரு பக்கமும் இணைத்தால் சீரான அகலம் கிடைக்கும். மொனாக்கோவுக்கு இந்த அகலம் பொருந்தாது. அங்கே தொடக்க நேர்ப்பகுதியும் துறைமுகக் கரையோரப் பகுதியும் மிக அருகருகே ஓடுவதால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

வளைவுகளை நேர்த்தியாக்க வேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் கவராயத்தால் வட்டமாக்கிவிடாதீர்கள். சுசுகாவில் 130ஆர் எனப்படும் வளைவு 130 மீற்றர் ஆரம் கொண்டிருந்ததால் அப்பெயரைப் பெற்றது. ஆனால் 2002இல் நிகழ்ந்த பெரிய விபத்தொன்றுக்குப் பின் 2003இல் அது மாற்றியமைக்கப்பட்டதால், இன்று அது ஒரே வட்டத்தின் துண்டு அல்ல. செய்மதிப் படத்தில் உள்ளபடியே அதைக் கையால் எடுங்கள்.

பலகையும் வாளும்

பாதைக்கு 4 மில்லிமீற்றர் பிளைவூட்டும், பின்பலகைக்கு 6 மில்லிமீற்றர் பிளைவூட்டும் வாங்குங்கள். முதிரையோ தேக்கோ பார்வைக்கு அழகாயிருந்தாலும், திண்மரத்தில் நார் ஒரே திசையில் ஓடுவதால், கொண்டையூசி வளைவுபோல் பாதை திரும்பி நாரின் குறுக்கே ஓடும் இடத்தில் நார்வழியே பிளந்து முறிந்துவிடுகிறது. என் முதல் சுசுகாவை ஒரு தேக்குத் துண்டில் வெட்டினேன். பதினோராம் வளைவான கொண்டையூசியில் அது இரண்டாகப் போனதைப் பார்த்துக் கலங்கியபின்தான் பிளைவூட்டின் அடுக்குகள் ஏன் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுகின்றன என்பது எனக்கு விளங்கியது. திண்மரம் வேண்டுமானால் அதைச் சட்டத்துக்குப் பயன்படுத்துங்கள். பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சிலாகை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. காட்டு மரத்தை அனுமதிப்பத்திரமின்றி வெட்டுவதோ ஏற்றிவருவதோ குற்றம் என்பதால், தச்சுப்பட்டறையில் எஞ்சும் துண்டுகளையே கேட்டு வாங்குங்கள்.

காபன் தாளால் வடிவத்தைப் பலகைக்கு மாற்றியபின், மெல்லிய அலகுடைய ஃபிரெட் வாளால் வெட்டவேண்டும். எட்டு வடிவத்தில் உள்ளே இரண்டு வெற்றிடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துளையிட்டு, அலகை ஒரு முனையில் கழற்றித் துளையினூடாகச் செலுத்தி, மீண்டும் பூட்டி, உட்புறத்தை முதலில் வெட்டி எடுங்கள். வெளிவிளிம்பை முதலில் வெட்டினால் மெலிந்த வளையம் மட்டும் கையில் எஞ்சும். அதன் உட்புறத்தை வெட்டும்போது பிடிப்பதற்குப் பலகையே இராது. வாளை முன்னே தள்ளி அவசரப்படாமல், வளைவு வரும்போது வாளை ஓரிடத்தில் மேலும் கீழும் ஆட்டியபடி பலகையை மெல்லத் திருப்புங்கள். கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, எஞ்சியதை அரத்தாளால் தேய்ப்பது பாதுகாப்பானது. 120 இலக்க அரத்தாளில் தொடங்கி 220இல் முடித்தால் போதும். தேய்க்கும்போது எழும் தூள் நெஞ்சுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் அணிந்து, வெளியே மரநிழலில் இருந்து செய்யுங்கள்.

பாதை தன்னைத்தான் கடக்கும் இடம்

சுசுகாவைச் சுசுகாவாக்குவது இந்த ஓர் இடம்தான். டெக்னர் வளைவுகளைக் கடந்த கார்கள் பாலத்தின் கீழே போகின்றன. கொண்டையூசி வளைவும் ஸ்பூன் வளைவும் முடிந்து, பின்பக்க நேர்ப்பகுதியில் விரைந்து வருபவை 130ஆரை அடையுமுன் அதே பாலத்தின் மேலே செல்கின்றன. வெட்டிய வடிவத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். எனவே மேலே செல்லும் பகுதிக்கு மட்டும் 12 சென்ரிமீற்றர் நீளமான துண்டொன்றைத் தனியே வெட்டி, அதன் இரு முனைகளையும் சரிவாகத் தேய்த்து மெலியவைத்து, கடக்கும் இடத்தின்மேல் மரப்பசையால் ஒட்டி, துணி உலர்த்தும் கவ்விகளால் ஓர் இரவு பிடித்து வையுங்கள். மாலையில் பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழும்போது அந்த 4 மில்லிமீற்றர் உயரம் நிழல் கொடுத்து, பாலத்தைக் கண்முன் நிறுத்தும்.

நிறமும் மாட்டுதலும்

பின்பலகைக்கு வெளிர் நிறமும் பாதைக்குக் கரும் சாம்பலும் எனக்குப் பிடித்தவை. எங்கள் ஊர்ச் செம்மண்ணின் நிறத்தைப் பின்பலகைக்குப் பூசினாலும் மிக நன்றாகப் பொருந்துகிறது. தொடக்கக் கோட்டை வெள்ளையால் குறுக்கே இட்டு, கீழ் ஓரத்தில் பெயரையும் 5.807 என்ற நீளத்தையும் மட்டும் எழுதுங்கள். பந்தய நிறுவனங்களின் சின்னங்களைச் சேர்த்து விற்பனை செய்வது உரிமைச் சிக்கலைத் தரும். இரண்டு மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைவிட மேலானவை.

பின்பலகையின் பின்புறத்துக்கும் ஓரங்களுக்கும் கட்டாயம் வார்னிஷ் பூசவேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூசாத பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிய, பலகை வில்போல் வளைந்துவிடும். பூச்சு வேலையை அந்த மாதங்களில் தொடங்காமல், வெயில் காலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. பாதையைப் பின்பலகையில் ஒட்டியபின், பின்னால் இரண்டு பனஞ்சிலாகைத் துண்டுகளை வைத்து, பலகைக்கும் சுவருக்கும் இடையே விரல் அகல இடைவெளி விடுங்கள். காற்று புகுவதோடு, கறையான் மண்பாதை போட்டு ஏறினாலும் அது கண்ணில் படும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது பின்னால் எட்டிப் பாருங்கள்.

மீள்குடியேற்றத்தின்பின் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் சுவர், உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லால் ஆனது. அதில் வெறும் ஆணி அறைந்தால் பூச்சு உதிர்ந்து ஆணி தளர்ந்துவிடும். துளையிட்டு, பிளாஸ்டிக் செருகியை இறுக்கி, திருகாணியில் மாட்டுங்கள். பலகை இரண்டு கிலோவுக்கு மேல் வராது என்பதால் இரண்டு திருகாணிகள் போதும்.

மாட்டும் இடத்தைத் தீர்மானிக்குமுன் சுவரின் மீதி அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். அடுத்த பாதையை இதே அளவுத்திட்டத்தில் செய்து அருகே மாட்டினால்தான் எது பெரிது, எது சிறிது என்பது பார்த்தவுடன் விளங்கும். 3.717 கிலோமீற்றர் நீளமான, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கு 93 சென்ரிமீற்றர் நூலும், 7.004 கிலோமீற்றர் நீளமான பெல்ஜியத்தின் ஸ்பா பாதைக்கு 175 சென்ரிமீற்றர் நூலும் தேவைப்படும்.